எப்ப வேணும்னாலும் கூப்பிடு

உகாண்டாவுல, யாருமில்லாத அம்மாக்களுக்கான இல்லத்துல நாங்க குடும்பமா மூணு மாசம் ஊழியம் பண்ணிட்டு வந்தோம்ல. கிளம்புற அன்னைக்கு கைக்குழந்தையோட அங்க தங்கியிருந்த ரூத்தைக் கட்டிப்பிடிச்சு, "எப்ப வேணும்னாலும் கூப்பிடு"ன்னு சொன்னது நான்தான்.

இன்னைக்குக் கூப்பிட்டா. நான் இங்க நம்ம ஊர்ல, லிங்கராஜபுரம் பஸ்ல இருக்கேன்.

"சிஸ்டர், இல்லத்தை மூடிட்டாங்க. குழந்தையோட ரோட்டுல நிக்கிறேன். எங்க போறது?"

அந்த இல்லத்தைத் தவிர எனக்கு அந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது.

"ஜெபிக்கிறேன் ரூத்"னேன்.

"நானும் ஜெபிச்சேன் சிஸ்டர். அப்பதான் உங்க ஞாபகம் வந்துச்சு."

ரூத் இருக்கிற கம்பாலாவுல யாரையாவது தெரிஞ்சா உடனே சொல்லுங்க.

தயவுசெஞ்சு, ஜெபிக்கிறேன்னு மட்டும் கமெண்ட் போடாதீங்க. அதை நான் ஏற்கனவே சொல்லிட்டேன்.