மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க!

போன வாரம் நன்னிலம் பக்கத்தில் இருக்கும் என் தங்கை கலா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போன நேரம்... அன்றைக்குத்தான் பைபாஸ் ரோட்டுக்கு வயலை எடுக்கக் கூடாது என்று ஊரே மறியலுக்குக் கிளம்பியிருந்தது. கலாவின் வீட்டுக்காரர் செல்வமும் போயிருந்தார். அவர்களுக்கு இருப்பதே ஓர் ஏக்கர். அதன் நட்டநடுவில் கல் ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சமைத்துக்கொண்டிருந்தபோது அதே ஊரில் இருக்கும் எங்கள் சித்தப்பாவிடமிருந்து போன். கலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பயப்படாதம்மா... மாப்பிள்ளையை வேன்ல ஏத்தி கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. மதியச் சாப்பாடும் அங்கேயே போட்டுடுவாங்க."

எங்களுக்குப் புரிந்தது. மறியல் செய்தால் போலீஸார் பிடித்துப்போய் மண்டபத்தில் உட்கார வைப்பார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். எந்த ஆட்சி வந்தாலும் மாறாத வழக்கம்!

ஆனால், கலாவின் யு.கே.ஜி. படிக்கும் மகள் இனியாவுக்கு?

சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கலா மடியில் தூக்கி வைத்துக் கேட்டதும்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பாவுக்கு வேற அம்மாவைக் கட்டி வெச்சிடுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கலா ஒரு பார்வை பார்த்தாள் - அடக்கிக்கொண்டேன். டி.வி. சீரியலில் தினமும் அதைத்தானே பார்க்கிறது குழந்தை!

"இல்லடி தங்கம்... போலீஸ்தான் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"போலீஸ் கட்டி வெச்சா அப்பா வேணாம்னு சொல்ல முடியாதே?"

கலா அடுப்பை அணைத்தாள். "வா, நேர்லயே பாத்துட்டு வந்துடலாம்."

ஒரே ஸ்கூட்டியில் மூன்று பேரும் போனோம். மண்டபத்து வாசலில் ஒரு பெண் போலீஸ். "உள்ள விடமாட்டோம்மா" என்றார்.

கலா கூச்சப்படாமல் சொன்னாள்: "மேடம், உள்ள அவங்கப்பாவுக்குக் கல்யாணம் நடக்குதுன்னு இவ பயந்துபோயிருக்கா. ஒரு தடவை காட்டிட்டுப் போயிடுறேங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இனியா உயரத்துக்குக் குனிந்து, "உங்கப்பா பேரு என்னடா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

செல்வம் வேகவேகமாக வந்தார். விஷயத்தைக் கலா காதோடு சொன்னாள். இனியா முதலில் பார்த்தது அவர் கழுத்தைத்தான்.

"மாலை போடலையா?"

"போடலம்மா."

"மேடையில யாரு உக்காந்திருக்கா?"

"யாருமே இல்ல. நாங்க எல்லாரும் கீழதான் உக்காந்திருக்கோம்."

கலெக்டர் கேட்டால்கூட மனுஷர் இத்தனை மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பாரா, தெரியாது! எல்லாம் விசாரித்த பிறகுதான் பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

இருட்டும் நேரத்தில் செல்வம் வீடு வந்து சேர்ந்தார். மடியில் ஏறிக்கொண்டு இனியா அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"நம்ம வயலை எடுத்துப்பாங்களாப்பா?"

'அதெல்லாம் எடுக்க மாட்டாங்க' என்பார் என்று நினைத்தேன். செல்வம் அப்படிச் சொல்லவில்லை.

"தெரியலம்மா. எடுக்காதீங்கன்னு சொல்லத்தான் போனேன். திரும்பவும் போவேன்."

இனியா யோசித்தாள்.

"அடுத்த தடவை என்கிட்ட சொல்லிட்டுப் போ."

"சரிம்மா."

அவ்வளவுதான். இறங்கிப் போய்ச் சாப்பிடத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

'ஒண்ணும் ஆகாது, நீ போய் விளையாடு' - எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அது பிள்ளைகளின் பயத்துக்கு மருந்தா... இல்லை, நம்முடைய பயத்துக்கா?