குங்குமம் வைக்காத கணினி

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை எனக்கு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். அதை நானே ஒவ்வொன்றாகப் போய்ப் போட்டு வைப்பேன். உற்பத்தி லைனை மாற்றுகிறோம் என்று எவராவது கணினியைத் தூக்கி வேறிடத்தில் வைத்து, தோன்றிய எண்ணைப் போட்டுவிடுவார். ஒரே எண் இரண்டுக்கு வந்தால் இரண்டும் மக்கர் பண்ணும். திட்டு மட்டும் எனக்கு.

முகவரிகளைத் தானே பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் ஒன்றை வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். என் விடுதி வார்டன் அறை ஒதுக்குவதைப் போலத்தான். கேட்கிற கணினிக்குக் காலியாக உள்ள எண்ணைக் கொடுக்கும்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அதை ஓட்டலாம் என்றதும் மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "லினக்ஸா? ஓசில வர்றதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? டெஸ்பாட்ச் ஒரு நாள் நின்னுச்சின்னா அந்தப் பொட்டியோட நீயும் கெளம்ப வேண்டியதுதான்."

சரி சார் என்றேன். எனக்கும் ரோஷம் உண்டு.

கழித்துப்போட்ட கணினி ஒன்றைத் துடைத்து லினக்ஸ் ஏற்றினேன். சர்வர் ஓடவே மாட்டேன் என்றது. நான் எழுதிய கட்டளைகளில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டதும் ஓடியது. அதன்பின் யார் எதைத் தூக்கி எங்கே வைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்து, லேத் முதல் ஸ்டேப்ளர் வரை சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மேசைக்கடியில் கிடந்த என் சர்வரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுருக்கென்றிருந்தது. கேட்கவும் மனம் வரவில்லை.

விடுமுறை முடிந்து எல்லாம் ஓடத் தொடங்கிய காலையில் டெஸ்பாட்சில் லேபிள் அச்சாகவில்லை. லேபிள் ஒட்டாமல் சரக்கு ஏறாது. மறைமலை நகர் போக வேண்டிய லாரி வாசலிலேயே நின்றது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் மேனேஜர். "மதியம் வரைக்கும் பாரு. அப்புறம் அந்தப் பொட்டியக் கழட்டிட்டு நீயும் கெளம்பு."

 ஆனாலும் பார்க்காமல் கழற்றுவதில்லை என்று டெஸ்பாட்ச் கணினியின் முகவரியைப் பார்த்தேன். என் வரிசையிலேயே இல்லாத எண்; அதை வைத்துக்கொண்டு லேபிள் பிரிண்டரை எட்ட முடியாது. இது என் சர்வர் கொடுத்ததல்ல. வேறு எவனோ இங்கே வார்டன் வேலை பார்க்கிறான்! ஒவ்வொரு பிரிவின் கேபிளாகப் பிடுங்கி, டெஸ்பாட்ச் கணினியை மறுபடி எண் கேட்க வைத்துப் பார்த்தேன். எல்லோரும் கத்தினார்கள். கத்தட்டும். ஸ்டோர்ஸ் கேபிளைப் பிடுங்கியதும் சரியான எண் வந்தது.

ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். அலமாரியில் சும்மா கிடந்த பழைய பிராட்பேண்ட் பெட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. அதுவும் முகவரி கொடுக்கிற ரகம்தான்.

"யாரக் கேட்டுண்ணே இதச் சொருகுனிய?" என்றேன்.

பக்கத்து ஊர்க்காரரான ஸ்டோர்ஸ் அண்ணன் நிதானமாகச் சொன்னார். "பூஜ போட்ட சாமான சும்மா வெச்சிக்கினு இருக்கக் கூடாதும்மா. அதான் ஒயரு குத்தி உட்டேன்."

வந்த கோபத்துக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. பெட்டியைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்தேன். லேபிள் அச்சாகி, மதியத்துக்கு முன்பே லாரி கிளம்பியது.

மேனேஜர் என் மேசைக்கு வந்தார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று பார்த்தேன். குனிந்து சர்வரைப் பார்த்தவர், ஸ்டோர்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா, எல்லாத்துக்கும் வெச்சிக்கிறே, இதுக்கு மட்டும் ஏன் வெக்கல? குங்குமம் மீதி கீதா? எடுத்தாந்து வை."