பேர் சுட்ட மட்டைகள்

டிரில் மாஸ்டர் ஆத்மநாதனுக்குக் கிறுக்கு என்பது குன்றாண்டார்கோவில் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கட்டிக்கொண்ட செங்கமலத்துக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. மனுஷர் சம்பளம் வாங்கினால் பொண்டாட்டிக்குச் சேலை எடுப்பாரா? மாட்டார். மதராஸில் பயிற்சிக்குப் போனபோது அமெரிக்கக்காரர்கள் சாஃப்ட்பால் என்ற பந்தாட்டம் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்த ஆட்டத்து மட்டைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். புது மட்டை ஆகாதாம். பழசாக, பேரெடுத்த ஆட்டக்காரனின் பேரைச் சுட்டுப் பதித்ததாக இருக்கவேண்டுமாம். 1958 வாக்கில் உள்ளறைச் சுவர் நெடுக உருண்டை மட்டைகள் சாய்ந்து நின்றன.

செங்கமலத்துக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம். சல்லடை இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ராக்காயி, அறையை எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

“ஏத்தா, இதெல்லாம் கருப்பர் தடியில்ல? எங்கிட்டுருந்து எடுத்தாந்தாரு?”

ஊர் எல்லையில் கருப்பர் காடு இருந்தது. நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் பேரை வெட்டிய தடிகளை அங்கே நட்டுவைப்பார்கள். அதைப் பிடுங்கினவன் வம்சத்தைக் கருப்பர் சும்மா விடமாட்டார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செங்கமலம் ஒரு மட்டையைப் புரட்டி, சுட்டிருந்த பேரைத் தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும், மட்டையில் இருப்பது யார் பேர் என்று கேட்டாள்.

“அது ஆட்டக்காரன் பேரு. அந்தப் பேருக்காகவே மட்டை விக்கும்” என்று சிரித்தார்.

“அடுத்தவுக கையில போற கட்டைக்கு எதுக்குங்க தன் பேரு? அவுகளும் அவுக சாமிக்கு நேந்து விட்டதா இருந்தா?”

“அமெரிக்காவுல ஏதுடி கருப்பரு!”

அவருக்கென்ன, சிரிப்பார். வயிற்றில் சுமப்பது அவரா?

அவர் பள்ளிக்கூடத்துப் பையன்களை ஆட்டத்துக்குத் திருச்சி கூட்டிப்போன அன்று, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. செங்கமலம் ராக்காயியைக் கூப்பிட்டாள். இருவருமாக மட்டைகளையெல்லாம் கட்டாகக் கட்டி, ஆளுக்குக் கொஞ்சமாகக் கருப்பர் காட்டுக்குச் சுமந்துபோய் நட்டார்கள்.

“தெரியாம வச்சிருந்துட்டோம் சாமி. எம்பிள்ளைய விட்டுரு” என்று மண்ணில் விழுந்தாள். திரும்பும் வழியில் பிள்ளை எட்டி உதைத்தது. அவள் பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆத்மநாதன் வந்து வெறுஞ்சுவரைப் பார்த்தார். போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. “வயித்துப் பிள்ளக்காரியாச்சேன்னு பாக்குறேன். பிள்ள பொறக்கட்டும், அத்தனையையும் எடுத்தாந்துருவேன்” என்று கறுவினார். அதற்குப் பிறகு செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது, நல்லபடியாகத்தான். வீடு வந்து சேர்ந்த மறுவாரமே அவர் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“வேணாங்க! ஒங்களக் கும்புடுறேன், வேணாங்க!”

கையை உதறிவிட்டுப் போய்விட்டார். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பிள்ளை தும்மினாலும் திக்கென்றது.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். சாக்கு காலியாக இருந்தது. தரையில் உட்கார்ந்தார்.

“ஒண்ணத் தொட்டேன். பிள்ள மொகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கை வரல.”

அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. பயமே அறியாத ஆள் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் அவள் பயந்தாள். இப்போது அவரும் பயந்துபோய்க் காலிச் சாக்கோடு உட்கார்ந்திருந்தார்.

“நீங்களே பயந்தா, நான் யாருகிட்டங்க போவேன்?” என்று பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.