கோரஸ் இருந்த இடம்

கல்யாண வீடியோ வெட்டுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆல்பத்தையும் வீடியோவையும் கொடுத்து முடித்த மறுநாளே எல்லாவற்றையும் அழித்துவிடுவான். அழிக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கம்ப்யூட்டரில் இடம் இருக்காது. போளூரில் பதினெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். எத்தனை மாப்பிள்ளைகள் தாலி கட்டியதை அழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கழுத்து வலி, கண் எரிச்சல், இந்தப் பழக்கம் மூன்றும்தான் தொழிலில் என்னோடு நிலைத்தவை.

அதற்கு முன்னால் நான் ராக் பாடகன். சிரிக்க வேண்டாம். வேலூரில் படித்தபோது நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். கிதாரும் குரலும் நான். தமிழில் ஆறு பாட்டு போட்டோம். கல்லூரி விழாவில் பாடியபோது மூன்றாவது பாட்டில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். அது தானாகப் போனது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். டிரம்ஸ் வாசித்தவன் கனடாவில் இருக்கிறான். மற்ற இரண்டு பேரும் பொங்கலுக்குப் பானைப் படம் அனுப்புவதோடு சரி. அந்த ஆறு பாட்டும், கிதார் தனி, டிரம்ஸ் தனி, என் குரல் தனி என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருபது வருடம் கிடந்தன. என் குரலை யாராவது ஒருவராவது கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. நாற்பது தாண்டியும் அது போகாதது எனக்கே வெட்கமாக இருந்தது.

போன வருடம் ஒரு ஜோடியை மலைமேல் அருவியில் படமெடுக்கப் போனேன். ஜோடி காரில் போனது. மேக்கப் பெட்டிக்கும் பெண்ணின் அத்தைக்கும் இடம் போக எனக்குக் காரில் இடமில்லை. கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் போகிற தனியார் பஸ்ஸில் ஏறினேன். உட்காரவும் இடமில்லை. புளி மூட்டைமேல் சாய்ந்து நின்றபோதுதான் கண்டக்டரின் குரலைக் கேட்டேன்.

"அத்திமூர் எறங்கு, ஆட்டுக்குட்டிய எறக்கு, படியில நிக்காத, பாட்டன் சொத்தா அது, உள்ள போ உள்ள போ, ஊருக்கே எடம் கீது."

ஒரே மூச்சில், தாளம் பிசகாமல் சொன்னான். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தினமும் கேட்கிறது. எனக்கு மட்டும் முதுகு நிமிர்ந்தது. டிக்கெட் கொடுக்க வந்தவனிடம், "இது எங்க கத்துக்கின?" என்று கேட்டேன்.

"எதுண்ணா?"

"இப்ப சொன்னியே, அது."

அவன் சிரித்தான். சந்தவாசல்காரன், முப்பது வயது இருக்கும். மேலே போய் பஸ் நின்றதும் போனை எடுத்துக் காட்டினான். அதில் அவன் சொந்தமாக எழுதிப் பாடிய ராப் பத்துப் பன்னிரண்டு இருந்தன. மத்தியானம் ஜமுனாமரத்தூரில் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும். டிரைவர் கடைசி சீட்டில் படுத்துவிடுவார். இவன் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே பதிவு பண்ணுவான். பின்னணிக்குச் செல்போன் கடையில் ஏற்றி வாங்கிய தாளம் ஒன்று ஓடும், கூடவே டிரைவரின் குறட்டையும். நான் என் ஆறு பாட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டையும் கலந்தால் என்ன என்று யார் முதலில் கேட்டது என்பது இப்போது நினைவில்லை. நானாகத்தான் இருக்கும்.

வேலை நடந்த விதம் இப்படி. என் பழைய பாட்டுகளை அவன் போனுக்கு அனுப்பினேன். சரணங்களுக்குப் பதில் அவன் ராப், திரும்பத் திரும்ப வரும் கோரஸில் மட்டும் என் குரல் என்பது ஏற்பாடு. அவன் பேச்சு நிதானமாகப் போகும், ராக் அவசரப்படும். அதனால் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஒரு காதில் அதை ஓடவிட்டு, மறுகாது பஸ்ஸுக்குத் திறந்திருக்க, அவன் ராப் சொல்லிப் பதிவு பண்ணுவான். மலையில் சிக்னல் கிடையாது. பஸ் அத்திமூருக்கு இறங்கியதும் எனக்கு வந்து சேரும். பேசிக்கொள்வது அபூர்வம். அவன் பஸ்ஸில் இருப்பான், நான் ஏதாவது ஒரு மண்டபத்தில் இருப்பேன். ஆறு பாட்டும் வந்து சேர ஐந்து மாதம் ஆனது. நடுவில் ஆவணி முகூர்த்தங்கள் வந்து என்னை நார்நாராகக் கிழித்துப் போட்டன.

ஒரு மத்தியானம், மூன்று கல்யாணம் முடித்த அசதியோடு, அவன் அனுப்பியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் என் குரல் ஒரு வரிசையில் அலையலையாக ஓடியது, அவன் குரல் அதற்குக் கீழ் வரிசையில். ஒவ்வொரு பாட்டிலும் நான் கோரஸ் பாடும் இடத்தில் அவன் அலையும் பெரிதாக எழும்பி நின்றது. என் இடத்திலும் புகுந்து பேசியிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். இரண்டு குரல் முட்டினால் ஒன்று போக வேண்டும். வீடியோவில் மாமனாரும் மைக்செட்காரரும் ஒரே நேரத்தில் பேசினால் நான் செய்வது அதுதான். கேட்டுப் பார்க்கவில்லை. எனக்குக் கேட்கத் தெம்பும் இல்லை, வெட்டுகிறவனுக்குக் கண்ணே போதும் என்ற திமிரும் இருந்தது.

கோபம் வந்தது. பிறகு கோபத்தைவிட மோசமான ஒன்று வந்தது, பெருந்தன்மை. சின்னப் பையன், வளர வேண்டியவன், நமக்கென்ன போயிற்று என்று சொல்லிக்கொண்டு ஆறு பாட்டிலும் என் கோரஸை எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்றால் அழித்தேன். ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்து முந்தைய மாதமே செத்துப்போயிருந்தது. இருந்த ஒரே பிரதி கம்ப்யூட்டரில் இருந்தது. வழக்கம்போல் குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதான் பெரிய மனுஷத்தனம் என்று நினைப்பு.

என் மனைவி அடுப்படியில் காதில் ஹெட்போனை மாட்டி, அவரைக்காய் ஆய்ந்துகொண்டே ஒரு பாட்டைக் கேட்டாள். "நீங்க எங்க?" என்றாள்.

"நான் இல்ல. விட்டுக்கொடுத்துட்டேன்."

"அவரு கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்காததக் குடுத்துட்டு, வாங்கினவன் கையெடுத்துக் கும்புடலன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்துகீறீங்க. இன்னா மனுஷனோ." அவள் அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.  

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து ஆறு பாட்டுக்கும் புதிய பதிவுகள் வந்தன. பழையது வேண்டாம், இதைப் போடுங்கள் என்று ஒரு வரி. போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் பாதிதான் சொல்லியிருந்தான். நாலு வரி ராப், அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி நாலு வரி. நான் காலி பண்ணிக் கொடுத்த இடத்தில் அவனும் இல்லை. கிதார் மட்டும் ஆளில்லாத வீட்டில் டிவி ஓடுகிறமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என்னை அழித்து இடம் கொடுத்தால் அதைத் தரிசாகப் போட்டிருக்கிறானே என்று எரிச்சலாக வந்தது. அடுத்த நாள் வேலை இல்லை. நேரில் கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினேன்.

அன்றைக்கு பஸ் அமைதியாக இருந்தது. அத்திமூர் வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, விசில் மட்டும் கொடுத்தான். ஆட்கள் தானாக இறங்கினார்கள், ஏறினார்கள். படியில் நின்றவரை விரலால் உள்ளே தள்ளினான். மலை ஏறி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் வந்தது.

ஜமுனாமரத்தூரில் பஸ் நின்று ஆட்கள் இறங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாப்பா, பாதிப் பாட்டு அனுப்பிக்கீற?"

அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். பேசியபோது குரல் உப்புத்தாள் தேய்க்கிறமாதிரி வந்தது. "உள்ள சின்னதா வீக்கம் கீதுன்னாங்கண்ணா. கத்திக் கத்தி வந்தது. ஒரு வருஷத்துக்குப் பாட்டு கீட்டு கூடாது, பேச்சே கம்மியாதான் பேசணும்னுட்டாரு டாக்டரு. பழசுல எனக்குத் திருப்தி இல்ல, தொண்ட முழுசா போறதுக்குள்ள திருத்திடலாம்னு பாதி பாதியா புடிச்சேன். இதான் கடைசி."

"மீதி?"

"மீதில நீங்க கீறீங்களே. அங்க நீங்க பாடுவீங்கன்னுதான நான் மூச்சு வாங்கனேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு அம்மா சீத்தாப்பழத்தைத் தாளில் கட்டிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அனுப்சதுல உங்ககூடவே சேந்து பாடிக்கினு வந்தேன். அதுக்கு இப்ப தம் இல்லண்ணா. அதான் அத வுட்டுட்டேன்."

"கூடவேன்னா?"

"கோரஸ். உங்க வரிதான். கேக்கலையா நீங்க?"

கேட்கவில்லை. அவன் என் இடத்தில் புகுந்து பேசவில்லை. என் வரியை என்னோடு சேர்ந்து பாடியிருக்கிறான். அலையைப் பார்த்து வெட்டினேன், அலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பழைய பதிவுகளையும் புதியவை வந்த அன்றே அழித்துவிட்டேன். அவனிடம் இதையெல்லாம் அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் இறங்கி வந்தேன். பதினெட்டு வருடத்தில் அவ்வளவு அசிங்கமாக நான் உணர்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து என்னென்னவோ செய்தேன். அழித்ததை மீட்டுத் தரும் சாஃப்ட்வேர் இரண்டைப் போட்டேன். ஒரு மணப்பெண்ணின் பாதி முகமும் ஒரு தவில்காரரும் மீண்டு வந்தார்கள், நான் வரவில்லை. அவன் போனில் இருந்த முழுப்பாட்டை வாங்கி, அதிலிருந்து குரலை மட்டும் பிரித்துத் தரும் ஒன்றில் கொடுத்தேன். வந்தது கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவதுபோல் இருந்தது. இருபத்திரண்டு வயதில் பாடிய குரல் போய்விட்டது. இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்து, ஒருவன் கேட்க ஆரம்பித்த பிறகு நானே அழித்திருக்கிறேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "இப்பக் கேட்டாருல்ல," என்றாள். "போய்ப் பாடுங்க."

"குரல் இல்லடி."

"இருக்கறத வெச்சிப் பாடுங்க. அவரு மட்டும் இன்னா, நல்ல குரல வெச்சிக்கினா பாடி அனுப்சாரு?"

அடுத்த வாரம் லேப்டாப்பையும், மாப்பிள்ளை சட்டையில் மாட்டும் சின்ன மைக்கையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். அவனிடம் உண்மையைச் சொன்னேன்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போய் ஒவ்வொரு ஷட்டராக இறக்க ஆரம்பித்தான்.

முதல் முயற்சியில் மேலே போகவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. இரண்டாவதில் மூச்சு போதவில்லை. கடைசி சீட்டிலிருந்து டிரைவர் தலையைத் தூக்கி, "யாருப்பா அது அழுவுறது?" என்று கேட்டார். கண்டக்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தார். சுருதியை இறக்கினேன். பழைய பாட்டில் கத்தியதை இப்போது பேசுகிறமாதிரிப் பாடினேன். வேறு வழி இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் சிக்கல். ஹெட்போன் என் காதில் இருந்தது. அவன் ராப் முடிகிற இடத்தில் நான் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பிந்தினேன். அவனால் சத்தமாகச் சொல்ல முடியாது. ஹெட்போனின் ஒரு முனையை வாங்கி அவன் தன் காதில் மாட்டிக்கொண்டான். தன் வரி முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினான். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் புறப்படலாம். இருபது வருடம் கழித்து அந்த இரண்டு விசிலில்தான் நான் புறப்பட்டேன்.

அந்த விசில் பதிவில் அப்படியே இருக்கிறது. ஆறு பாட்டும் இப்போது இணையத்தில் கிடக்கின்றன. மலைப் பாதையில் போகிறவர்கள் சிலர் கேட்கிறார்கள். என் குரல் சொரசொரவென்றுதான் இருக்கிறது, அசதி தெரிகிறது. அவன் இன்னும் வாயைத் திறக்காமல்தான் டிக்கெட் கொடுக்கிறான்.

ஐந்தாவது பாட்டைப் பாடும்போது இரண்டாவது வரி எனக்கு மறந்துபோனது. நானே எழுதிய வரி. எழுதி வைத்த தாள் எப்போதோ போய்விட்டது. நிறுத்தலாம் என்று அவனைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடியிருந்தான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த வரி அவன் உதட்டில் ஓடியது. அவன் வாயைப் பார்த்துத்தான் என் பாட்டை நான் பாடி முடித்தேன்.