ஒரு புங்கமரமும் என் தண்ணி வண்டியும்

என் வண்டி டயர் மேல் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. டவுன் மரங்களுக்கு டேங்கரில் தண்ணி ஊத்துவது, பேச்சு வராத குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி வேலை. போதும் என்றும் சொல்லாது, போதாது என்றும் சொல்லாது. தொட்டிச் செடி வளர்த்து ஏமாந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மரத்துக்கு ரெண்டு நிமிஷம்

தருமபுரி டவுனில் எங்களுக்கு ஒரே சட்டம்: மரத்துக்கு ரெண்டு நிமிஷம் ஓஸ் பிடிக்கணும். பங்குனி வெயிலோ ஐப்பசி மழையோ, ரெண்டு நிமிஷம். ஒருநாள் மழை கொட்டுகிறது. எனக்கு ஒரு கையில் குடை, மறு கையில் ஓஸ். டீக்கடைக்காரன் மாது எட்டிப் பார்த்தான். “அண்ணா, அப்படியே கொஞ்சம் சோப்பும் போட்டு விட்டுருங்க, குளிச்சு முடிச்சிரட்டும்!”

நிழலில் நின்ற வேம்பு

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேம்பு. வெயிலும் படாது, காத்தும் வராது. இலை மஞ்சளாச்சு. தாகம் போல என்று நாலு நிமிஷம் ஊத்தினேன். இன்னும் மஞ்சள். ஆறு நிமிஷம். கடைசியில் அடியில் தவளைகள் குடும்பத்தோடு குடியேறி, மண்டபத்து நாதஸ்வரத்துக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. மண்டபம் கூட்டுகிற ஆரோக்கியமேரி விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள். “வெயில் பட்டாத்தானே அது குடிக்கும்? பசிக்காதவன் வாயில சோத்தத் திணிச்சா என்ன ஆவான், நீங்களே சொல்லுங்க!”

எவ்வளவு ஊத்தினாலும் போதவில்லை

துணிக்கடை வாசல் புங்கமரம் இதற்கு நேர் எதிர். ஊத்த ஊத்தக் காணோம். அடியில் காது வைத்தால் மடக் மடக் என்று சத்தமே கேட்கும். ஒருநாள் ஓஸையே உள்ளே இழுத்துக்கொண்டது, நான் காலை ஊன்றிப் பிடுங்கினேன். அப்படியும் இலை சுருண்டு கொட்டியது. எங்கள் சூப்பர்வைசர் செசிலி மேடம் வந்து நிமிர்ந்து பார்த்தார். “மாசக் கடைசிக்குள்ள துளிர் வரலைன்னா மரத்த வெட்டிருவாங்க. வண்டிக்கும் வேற டிரைவர் போட்டுருவாங்க ஐயா.”

மரமாக நின்று பார்த்தேன்

வேம்புக்கு ஊத்துவதை நிறுத்தினேன், அது தேறிவிட்டது. அப்போதுதான் புத்தி வந்து, ஒரு மத்தியானம் புங்கமரத்தோடு ஒட்டி நானும் மரமாக நின்றேன். ஓஸ் நுழைகிற ஓட்டை தவிர அடிமரம் வரைக்கும் சிமெண்ட். எதிரே கடைக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற வெயில். தலைக்கு மேல் ஏசியின் வெளிப்பெட்டி, இலை மேலேயே அனல் ஊதுகிறது. பத்தே நிமிஷத்தில் மூணு சொம்பு மோர் குடித்தேன். துணிக்கடைக்காரரையும் கையைப் பிடித்து அங்கே நிறுத்தினேன். ரெண்டாவது சொம்பிலேயே ஒத்துக்கொண்டார். பெட்டி மொட்டை மாடிக்கு ஏறியது. மரத்தைச் சுற்றிலும் ஒரு முழத்துக்குச் சிமெண்டை உடைத்தோம். மாசம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, தளதளவென்று துளிர்! செசிலி மேடம் போனில் படம் பிடித்துக்கொண்டு, வண்டிச் சாவியை என் கையிலேயே கொடுத்தார். அன்றைக்குத்தான் சோறு தொண்டையில் இறங்கியது. கடைக்காரருக்கும் மகா சந்தோஷம். “மரம் பொழைச்சதோட சரியா? மாடியில எங்க வூட்டுக்காரம்மா போடுற வத்தல், இப்பல்லாம் திரும்பிப் பாக்கறதுக்குள்ள காஞ்சிருதுங்க!”

எந்த மரம் எந்தச் சூட்டில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள நானே வெந்து பார்க்க வேண்டியதாயிற்று. எப்படியோ மரமும் நானும் நிற்கிறோம், ஆனால் ரெண்டு நிமிஷச் சட்டத்தை மீறினவன் நான், அதனால் இதைச் சொன்னது யார் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள், அந்தப் புங்கமரத்திடம்கூட.