பயணி ஒருவர், மாடி மூன்று

லிஃப்ட் மூன்றாவது முறையும் மேலே போய்க் கீழே வந்த பிறகுதான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். முதல் இரண்டு முறை ஆளில்லாமல் அனுப்புவார். மூன்றாவது முறை தானே ஏறிக்கொள்வார். கதவு மூடும்போது மோவாயைச் சற்றுத் தூக்கி, முழங்காலை லேசாக மடக்கி, அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவர் போல நிற்பார். சத்தம் மனதுக்குப் பிடித்தால் ஒரு தலையாட்டல். பிறகு பராமரிப்புப் புத்தகத்தில் தேதி, புகார், காரணம், செய்த வேலை என்று நாலு கட்டத்தையும் நிரப்பிக் கடைசியில் கையெழுத்து.

"ஏத்திப் பாக்காம கையெழுத்துப் போடமாட்டேன் சார். நாளைக்கு உள்ள நிக்கப்போறது நீங்கதான்."

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக் இவர். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார். லிஃப்ட் பழுதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிப்போகும். அவருடைய அகராதியில் லிஃப்ட் பழுதாவதில்லை, "கோவிச்சுக்கிச்சு." அவர் போய்ச் சமாதானம் பேசினால் கோபம் இறங்கிவிடும். அந்தச் சமாதானப் பேச்சுக்கு மூன்று திருப்புளிகளும் ஒரு எண்ணெய்க் குப்பியும் போதும்.

இன்னொரு பழக்கம் உண்டு. ஆள் உள்ளே காலை வைத்ததுமே எடையைச் சொல்லிவிடுவார். "நாலு பேரு, எரநூத்தி எண்பது. தாராளமாப் போங்க." இருபது வருடம் பாரத்தோடு பழகிய கண். என்னை முதன்முதலாகப் பார்த்தபோது வணக்கம் சொல்லவில்லை, "எழுபத்தாறு" என்றார். வீட்டுக்குப் போய் எடைக்கருவியில் ஏறிப் பார்த்தேன். எழுபத்தாறேதான். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, லிஃப்ட்டைக் கவனிக்காமல் நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் கம்பெனிக் கடிதம். பராமரிப்புப் பிரிவை இழுத்து மூடுகிறார்களாம். இனிமேல் லிஃப்ட்டுக்குள் இருக்கும் ஒரு கருவியே தன் நோயைத் தானே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுமாம். மற்ற கம்பெனிகளில் இப்போதெல்லாம் முப்பதைத் தாண்டியவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இவர் மாதிரி ஆட்களுக்குக் கிராக்கி, ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு நாற்பத்தைந்து முடிய அப்போது ஐந்தே மாதம்.

"நீங்க பத்திரிகையில எழுதுறவரு. என் பயோடேட்டாவை ஒரு பார்வை பாத்துக் குடுங்க."

ஒரு பார்வைதானே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் நீட்டியது பத்தொன்பது பக்கம். இருபது வருடத்தில் அவர் பார்த்த ஒவ்வொரு கோளாறும் தேதிவாரியாக இருந்தது. புகார்: ஆறாவது மாடியில் கதவு திறக்கவில்லை. காரணம்: தண்டவாளத்தில் நாணயம். செய்தது: நாணயம் அகற்றப்பட்டது. இப்படியே பத்தொன்பது பக்கமும் போனது. பெயர் மட்டும் எங்குமே இல்லை. கேட்டால், "கடைசியில கையெழுத்து இருக்கே சார்" என்றார். 'திறமைகள்' என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வரி இருந்தது: பார்த்தவுடன் எடை சொல்லுவேன், இரண்டு கிலோவுக்கு மேல் தவறாது.

அன்றிலிருந்து வெட்டத் தொடங்கினோம். எட்டாவது படிக்கும் அவருடைய மகள்தான் மடிக்கணினியில் தட்டுவாள். ஒரே சட்டையை எல்லாருக்கும் போட முடியாது, ஒவ்வொரு நாட்டுக்கும் அளவெடுத்துத் தைக்க வேண்டும் என்பது போகப்போகத்தான் எங்களுக்குப் புரிந்தது. மகள் மூன்று கோப்புகள் வைத்தாள். 'மணல்' என்ற கோப்பில் புகைப்படம், அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண் எல்லாம் வேண்டும். 'தீவு' என்ற கோப்புக்கு உயரமும் ரத்தப் பிரிவும் வேண்டும். 'குளிர்' என்ற கோப்புக்கு இவை எதுவுமே கூடாது. படம் கூடாது, வயது கூடாது, கல்யாணம் ஆனதா என்றுகூடச் சொல்லக் கூடாது, இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

"கட்டினவளையே மறைக்கச் சொல்றாங்க சார்," என்று மனைவி காதில் விழும்படியாகவே அலுத்துக்கொண்டார். மழலையர் பள்ளியில் பாடம் நடத்தும் அந்த அம்மா நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமலே, "ரொம்ப நாளா அதுக்குத்தானே வழி தேடிட்டு இருந்தீங்க" என்றார்.

மணலும் தீவும் பதிலே போடவில்லை. மிச்சம் இருந்தது குளிர் ஒன்றுதான். அங்கே ஒரு சிக்கல். இரண்டு வேலைகளுக்கு நடுவே பதினொரு மாதம் காலியாகக் கிடந்தது. அந்தக் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது, 'இயக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது.' லிஃப்ட்டைத் திறந்துபோட்டால் வாசலில் மாட்டுகிற பலகையில் இருக்கும் அதே வாசகம்.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் அதைச் சாவகாசமாகத்தான் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால் மனைவி பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. நடக்க முடியவில்லை. தினமும் பயிற்சிக்கு மருத்துவமனை போக வேண்டும். இவர்கள் வீடு மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள கட்டடங்களை எல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர் இருபது வருடமாக அறுபத்து மூன்று படி ஏறித்தான் தன் வீட்டுக்குப் போகிறார். கம்பெனி நீண்ட விடுப்புத் தர மறுத்தது. வேலையை விட்டுவிட்டு, காலையில் மனைவியை முதுகில் தூக்கிக் கீழே இறக்குவார், மதியம் தூக்கி மேலே ஏற்றுவார். பதினொரு மாதம்.

எடை சொன்னதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. "காலியா விட்டா தூக்கிப் போட்டுடுவாங்கண்ணே. 'தனி ஆலோசகர்'னு போடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?" என்று அவரே திருத்தி அனுப்பியும் விட்டார். நம்மவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். ஏற்றிப் பார்க்காத லிஃப்ட் பெட்டியில் ஊரை ஏற்றிவிட்ட மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாராம்.

குளிர் நாட்டிலிருந்து வீடியோ நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் பக்கத்து அம்மையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆலோசகராக இருந்தபோது உங்கள் வாடிக்கையாளர் யார் என்று கேட்டிருக்கிறார். இவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "மை வொய்ஃப்" என்றார்.

அவர்களிடம் எத்தனை லிஃப்ட் இருந்தன என்று அம்மையார் கேட்டார்.

"நோ லிஃப்ட், மேடம். தட் இஸ் த ப்ராப்ளம்."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாளில் கடிதம் வந்தது. விவரங்கள் பொருந்தவில்லை, ஆயினும் உங்கள் தொழிலறிவு திருப்தியாக இருப்பதால், அந்தப் பதினொரு மாதங்களை விளக்கி, திருத்திய விவரத்தைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பலாம், அதற்குப் பின் ஏற்பதற்கில்லை. பராமரிப்புப் பிரிவை மூட ஒன்பது நாள் இருந்தது. நாற்பத்தைந்து முடிய மூன்று வாரம். வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மதியமே நான் அறுபத்து மூன்று படி ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தண்ணீர் வந்தது, கூடவே தாளும் வந்தது. 'குடும்பப் பொறுப்பு, நோயாளியைப் பராமரித்தல்' என்று எழுதினால் கண்ணியமாக இருக்கும் என்றேன். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"அது பேரு சார். வேலை எங்க? என்ன ஏத்துனேன், எவ்வளவு தூரம், எத்தனை தடவை, அதெல்லாம் வேணாமா? படிச்சுப் பாக்குறவனும் மெக்கானிக்குத்தானே."

அவரே சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். பயணி ஒருவர். மாடி மூன்று. தினமும் ஒரு முறை ஏற்றம், ஒரு முறை இறக்கம். காலம் பதினொரு மாதம். பழுது இல்லை. விபத்து இல்லை. பயணி இப்போது தானே நடக்கிறார். ஆங்கிலத்தில் அதை மாற்றிக் கொடுத்தபோது நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ திருத்திக் கொடுத்திருக்கிறேன், கையை வைக்கத் தோன்றாத தாள் இது ஒன்றுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, "எடை போடலையே" என்றார். "அம்பத்தெட்டுன்னு போடும்மா."

சமையலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாருக்கு அம்பத்தெட்டு?"

அங்கே தொடங்கிய வழக்கு முக்கால் மணி நேரம் ஓடியது. ஐம்பத்திரண்டுக்கு மேல் ஒரு கிராம்கூட ஒத்துக்கொள்ள முடியாது என்பது அம்மாவின் கட்சி. கண்ணை நம்பச் சொல்வது ஐயாவின் கட்சி. மகள் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, "அப்பா, மணி நாலு" என்றாள். அவர்களிடம் அச்சு இயந்திரம் இல்லை. கட்டடத்தின் தரைத்தளத்தில், அச்சடித்து ஸ்கேன் செய்து அனுப்பியும் தருகிற ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நால்வரும் இறங்கினோம். குளிர் நாட்டுக்குக் கையெழுத்துத் தேவையே இல்லை என்று ஏஜென்ட் ஏற்கெனவே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மேலே கண்டவை யாவும் உண்மை" என்று ஒரு வரியும் அதன் கீழே கையெழுத்தும் இல்லாத தாளை அவர் தாளாகவே மதிப்பதில்லை.

தாள் சூடாக வந்தது. பேனாவைத் திறந்தார். கோட்டின் மேல் கை நின்றது.

"நீங்களே சொல்லுங்க சார்," என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரோ முகம் தெரியாதவங்க படிக்கப்போறாங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் என் எடையைச் சொல்லணுமா? அதுவும் தப்பா?"

"தூக்கினது நான்தானே. எனக்குத் தெரியாதா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி தூக்கினது. அதெல்லாம் ஞாபகம் இருக்குமாக்கும்."

"தோளுக்கு இருக்கு."

"அப்பவும் அம்பத்திரெண்டு, இப்பவும் அம்பத்திரெண்டு. ஆறு வருஷமா அப்படியேதான் இருக்கேன், ஒரு குண்டுமணி ஏறலை."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "அப்படின்னா ஏத்திப் பாத்துடலாம்."

படிக்கட்டுக்குப் போய், முதல் படியில் ஒரு காலை வைத்து, குனிந்து முதுகைக் காட்டினார். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். மகள், "அப்பா, மணி நாலு இருபது" என்றாள். மனைவி, "அசிங்கமா இருக்கு, எந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைகளை அவர் கழுத்தில் போட்டு ஏறிக்கொண்டார். பழகிய கைகள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மோவாய் சற்று நிமிர்ந்தது. முழங்கால் லேசாக மடங்கியது. ஏறத் தொடங்கினார். முதல் திருப்பம் வரை "விடுங்க, விடுங்க" என்று கேட்டது. இரண்டாவது திருப்பத்தில் சிரிப்புச் சத்தம். அதற்கு மேல் செருப்புச் சத்தம் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. மகள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனியாகத்தான் இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடை மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அறுபத்தி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்னங்க, எவ்வளவு?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "அம்பத்திரெண்டு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கோட்டின் மேல் அதையே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.