அந்தாண்ட இல்லாத பாலம்

திண்டிவனம் சந்தையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விற்கும் அஞ்சலாட்சியின் கணவர் ஏகாம்பரம், அந்தமானில் ராணுவச் சரக்கு இறக்கும் இடத்தில் மூட்டை தூக்கினார். 1979-இல் ஒரு புயல் நாளில் தந்தி வந்தது: ‘கடல்பாலத்தில் காணவில்லை.’ பாலத்தில் போனவர் அக்கரையில் இறங்கியிருப்பார் என்று அஞ்சலாட்சி தாலியைக் கழற்றவில்லை. அது கப்பல் ஒட்டி நிற்கிற மேடை, அதற்கு அக்கரையே கிடையாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

ஏழு வருடம் கழித்து அந்தமானிலிருந்து ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் தணிகாசலம் படித்துச் சொன்னார்.

“பழைய மரப்பாலத்த இடிச்சிட்டு, கிரேனெல்லாம் வச்சி கான்கிரீட்ல கட்டறாங்களாம். பழசு இனிமே இல்லியாம். அதனால அதுல காணாமப்போனவரு பைலையும் மூடிட்டாங்களாம்.”

சர்க்கார் சிக்கனமானது. ஒரே கடப்பாரையில் இரண்டையும் இடித்துவிட்டது.

“பாலத்த இடிச்சிட்டா அந்தாண்ட இருக்கறவரு எப்படிங்க திரும்பி வருவாரு?”

“அந்தாண்டன்னு ஒண்ணு இல்லம்மா. அது நடுக்கடல்லயே நின்னுடும்.”

“புதுசாவது போய்ச் சேருமாங்க?”

தணிகாசலம் கடிதத்தில் மறுபடி தேடினார். “அம்பது அடி கூட நீட்டறாங்க. அதுவும் தண்ணியிலதாம்மா முடியுது.”

“ஏங்க, ஏழு வருசமா இந்த ஊர்ல படிச்சவங்க ஒருத்தருமே இல்லியா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அஞ்சலாட்சி வெறுங்கழுத்தோடு சந்தைக்கு வந்து படியால் மல்லாட்டை அளந்து போட்டாள். அன்றைக்கு மட்டும் நாங்கள் யாரும் கொசுறு கேட்கவில்லை.